கிரகத்தைத் துடைத்தவன் மாப்பிள்ளைக்கு எழுதியது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் பல் கிளினிக்கும், அதில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சௌக்கியம் என்று எழுதியது ஒரு மரியாதைக்காகத்தான். உண்மையில் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, உங்கள் மாமியார் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசாதது பெரிய தண்டனை இல்லை. ஆனால் பேசாமலே என்னைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. உங்கள் மனைவி, அதாவது என் மகள், நெப்டியூனுக்கும் அப்பால் கிரகம் மாதிரி ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தாள் அல்லவா, அதை நான் துடைத்துவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உங்கள் குரலைக் கேட்டதும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை நீங்களே பயந்துபோய், "மாமா, அங்க வெயில் அவ்வளவு மோசமா?" என்று கேட்டீர்கள். வெயில் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். போன வாரம் மகள் டெலஸ்கோப் இருக்கிற மலைக்குப் போகிற வழியில் நான் வேலை செய்கிற ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பென் டிரைவ், வாசலில் பஸ் ஹாரன் அடிக்கிறது. "அப்பா, இதுல நாலு படம் இருக்கு. உங்க பெரிய பிரிண்டர்ல போட்டு, சுருட்டி, அவர் கிளினிக்குக்கு அனுப்பிடுங்க. திங்கக்கிழமை கமிட்டிக்குக் காட்டணும். இதைப் பார்த்துதான் பெரிய டெலஸ்கோப்ல எனக்கு ஆறு ராத்திரி குடுப்பாங்களா மாட்டாங்களான்னு முடிவு பண்ணுவாங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம், அப்படியே போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினாள். மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷமாகப் படம் திருத்துகிறேன். "ஒண்ணும் செய்ய வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்கிறவர்கள்தான் படம் கைக்கு வந்ததும் கன்னத்துப் பருவைக் காட்டிச் சண்டைக்கு நிற்பார்கள். ஆகவே அந்த வார்த்தையை நான் வழக்கம்போல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திறந்து பார்த்தால் நாலும் கறுப்பு. கறுப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. கையெல்லாம் மாவோடு யாரோ உதறிவிட்டுப் போன மாதிரி. எனக்குப் பகீரென்றது. என் பெண் இவ்வளவு அழுக்குப் படத்தைக் கொண்டுபோய் நாலு பெரிய மனிதர்கள் முன்னால் விரித்தால், அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள், அவளை வளர்த்தவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதற்காக நான் விவரம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். நட்சத்திரம் எது, அழுக்கு எது என்று யோசித்துத்தான் கை வைத்தேன். நாலும் வானத்தில் ஒரே இடத்தை நாலு வெவ்வேறு நாளில் எடுத்தது என்று ஓரத்திலேயே போட்டிருக்கிறது. சரி, நட்சத்திரம் ஓடிப்போகாது. ஆகவே நாலு படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது நட்சத்திரம். ஒன்றில் இருந்து, அடுத்ததில் அதே இடத்தில் இல்லாதது அழுக்கு. நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை. இரண்டு பகல் முழுக்க உட்கார்ந்து, பக்கத்துக் கறுப்பை எடுத்து மேலே அப்பி அப்பி, எழுபத்து மூன்று அழுக்கை எடுத்தேன். பென் டிரைவில் பழையதன் மேலேயே சேமித்தேன். இரட்டைப் படம் இருந்தால் குழப்பம் வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். பிரிண்ட் போட்டதும் பார்க்கவேண்டுமே, கண்ணாடி மாதிரி இருந்தது. முதலாளியம்மாவே, "தூசி, இது உங்க வேலையிலேயே நல்ல வேலை" என்றார். ஸ்டுடியோவில் எனக்குத் தூசி என்றுதான் பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மாலையே சுருட்டிக் குழாயில் போட்டு உங்களுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் மாதிரிப் பிரதியைப் பெருமையாக விரித்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"எங்கங்க அவ கண்டுபிடிச்சது?"

"எது?"

"கடுகு மாதிரி ஒரு புள்ளியாம். படத்துக்குப் படம் கொஞ்சமா நகர்ந்திருக்குமாம். அதுதான் அந்தக் கிரகமாம். போன்ல சொன்னாளே. உங்ககிட்ட சொன்னா ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுடுவீங்கன்னு சொல்லல."

"நகரும்னா?"

"நகரும்னா நகரும். நட்சத்திரமெல்லாம் அங்கேயே நிக்குமாம், இது மட்டும் நகருமாம். ஏங்க? ஏன் உட்கார்ந்துட்டீங்க?"

அவள் வேலை எனக்குத் தெரியாதா, மாப்பிள்ளை? கடைசிக் கிரகத்தையும் தாண்டி அந்தக் குளிரில் இன்னும் யாரும் பார்க்காத உருண்டைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அதைத் தேடுகிறாள் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் தேடுகிற சாமான் பெரிதாக, வளையம் கிளையம் போட்டுக்கொண்டு, பார்த்ததும் எழுந்து நிற்கத் தோன்றுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது வந்து என் மௌசுக்கு அடியில் தூசியாக உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது? நாலு வருஷம் அந்த மலையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விழித்திருந்து என் பெண் பிடித்ததை, நான் ஏ.சி. அறையில் டீ குடித்துக்கொண்டே துடைத்திருக்கிறேன். மறுநாளே முதலாளியம்மாவிடம் இனி படம் திருத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அதில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி, மேசை மேல் வைத்திருக்கிறார்.

இதில் ஒரே ஒரு சின்ன வெளிச்சம். அதற்குக் காரணம் நீங்கள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் கல்யாணப் படத்தை நான் திருத்திக் கொடுத்தேன், உங்கள் மோவாயில் இருந்த மச்சத்தைத் தூசி என்று நினைத்து எடுத்துவிட்டேன். உங்கள் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்லா இருக்கா. பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படம் உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. கதவைத் திறந்தால் மறைந்துவிடும், நான் வரும்போதெல்லாம் கதவு திறந்தே இருக்கும். நீங்கள் அன்றைக்கு "பரவாயில்ல மாமா" என்றீர்கள். திட்டியிருந்தால் மறுநாள் மறந்திருப்பேன். அந்தப் பரவாயில்லையை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் முதலாளியம்மா ஒரு சட்டம் போட்டார்: எந்தப் படத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், இடது ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர், மேலிருந்து எத்தனை, பார்த்தால் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரு பருவைக்கூட எழுதாமல் எடுத்ததில்லை.

ஆகவே அந்த எழுபத்து மூன்றும் நோட்டில் இருக்கிறது. நேற்று முழுக்க வரிசையாகப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரு படத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனவை, நிஜமான அழுக்கு. நாலு படத்திலும் வந்து, ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தவை என்று இரண்டு ஆசாமிகள் தேறுகிறார்கள். முதல் ஆசாமிக்கு நேரே, "அதே அழுக்கு, தள்ளிப் போயிருக்கிறது, திரையைத் துடைக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். துடைத்தும் இருக்கிறேன். இரண்டாவது ஆசாமி ஒரு பெரிய நட்சத்திரத்தின் பிரகாசத்தில் பாதி மறைந்துகொண்டு நின்றவன். அவனுக்கு நேரே, "எச்சில் தெறித்த மாதிரி, நாலிலும் இருக்கிறது, தும்மியது யார்?" என்று எழுதியிருக்கிறேன். இதில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கமிட்டிக்காரர்கள் படத்தில் பார்க்க முடியாவிட்டாலும் என் நோட்டையாவது பார்ப்பார்களா என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை அவள் மலையிலிருந்து இறங்கி வருவாள். நீங்கள் ஒரு உபகாரம் செய்ய வேண்டும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் வலிக்காத மாதிரி பேசுகிற வித்தை உங்களுக்குத் தெரியும். விஷயத்தை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் சொல்ல வேண்டாம். சாப்பிட்டபிறகு, உட்காரவைத்து, முதலில் நோட்டைப் பற்றியும் அப்புறம் துடைத்ததைப் பற்றியும் சொல்லவும். அவள் அழுதால் எனக்குச் சொல்ல வேண்டாம். சிரித்தால் மட்டும் சொல்லவும்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர்கள் அதை வாங்கிக்கொள்ளாவிட்டாலும் வணக்கம். உங்கள் கை நடுங்காமல், நோயாளிகள் கடிக்காமல், நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இனிமேல் எந்தப் படத்தையும் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கடிதத்தை ஒட்டப் போகும்போது மகள் மலையிலிருந்து போன் செய்தாள். உங்கள் மாமியார் ஒரே மூச்சில் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்பா, ஒரிஜினல் எங்ககிட்ட மூணு இடத்துல இருக்கு. நீங்க துடைச்சது காப்பிதான்." மூன்று நாள் பட்டினி வீண். பிறகு நோட்டைப் படிக்கச் சொன்னாள். முதல் ஆசாமியைப் படித்ததும், "அதுதான், அதுதான் என்னோடது" என்று குதித்தாள். இரண்டாவது ஆசாமியைப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. "எந்த நட்சத்திரம்? மறுபடி சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க." போனைக் கீழே வைக்காமல் எங்கோ ஓடினாள். கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து, "அப்பா, அது நிஜமாவே இருக்கு. எங்க மிஷின் அதை நட்சத்திரத்து வெளிச்சத்தோட சிதறல்னு ஒதுக்கித் தள்ளிடுச்சு. இன்னும் பார்க்கணும், ஒண்ணுமில்லாமலும் போகலாம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆனா இருக்கு" என்றாள். என் பெண் அழுதாள், மாப்பிள்ளை. நானும்தான். ஆறு ராத்திரி போதாது, கமிட்டியிடம் எட்டாகக் கேட்கப் போகிறாளாம். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிவிட்டேன். அவள் அனுப்பிவைத்த ஒரிஜினலிலிருந்து நாலு படத்தையும் மறுபடி பிரிண்ட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே கையில் கொண்டுவருகிறேன். ஒரு தூசியைக்கூடத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பிரிண்ட் போட்டேன்.

மறு பின்குறிப்பு: அந்தக் கையோடு உங்கள் கல்யாணப் படத்தையும் எடுத்து, மச்சத்தைத் திரும்ப வைத்து, புதிதாகப் பிரிண்ட் போட்டேன். கதவுக்கு முன்னால் மாட்டுகிற மாதிரி இருக்கிறது. உங்கள் மாமியார் பார்த்துவிட்டு, "மச்சம் இந்தப் பக்கமா இருக்கும்? அந்தப் பக்கமில்ல?" என்றாள். நோட்டைப் புரட்டினேன். நோட்டு ஆரம்பித்ததே உங்கள் மச்சத்துக்குப் பிறகுதான், அதனால் அதில் இல்லை. கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்திலும் இல்லை. நெப்டியூனுக்கு அப்பால் இருப்பது என் கண்ணில் பட்டது, ஆறு வருஷமாக உங்கள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. வலது கடைவாய்ப் பல் இரண்டு வருஷமாக வலிக்கிறது, உங்களிடம் காட்டக் கூச்சப்பட்டு இடது பக்கமே மென்றுகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்துவையுங்கள். முகத்தில் மாஸ்க் போட வேண்டாம். நீங்கள் என் பல்லைப் பாருங்கள், நான் உங்கள் மச்சத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.