இடப்பக்கம் மங்கிய லென்ஸ்

மனைவிமார்களுக்கு எல்லா லென்ஸும் ஒன்றுதான் என்று சுகுமாறன் ஒரு முடிவுக்கு வந்தார். கறுப்பாக இருக்கும், உருண்டையாக இருக்கும், முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். எதைக் கழற்றி எதை மாட்டினாலும் புனிதாவுக்கு எப்படித் தெரியப் போகிறது? இந்த ஞானம் அவருக்குப் பிறந்த இடம் பிரிக்பீல்ட்ஸில் நஜ்முதீன் பாயின் சாப்பாட்டுக் கடை, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசை.

"உங்க வீட்டுக்காரம்மா கண்ணாடிக் கடையிலதானே வேல செய்றாங்க?" என்று கேட்டார் பாய்.

"ஆமா. பதினொரு வருஷமா."

"லென்ஸ் வெட்டுறது, தேய்க்கிறது எல்லாம் அவங்கதானே?"

"அது மூக்குக் கண்ணாடி பாய். இது கேமரா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல லா."

பாய் தே தாரேக் தேநீரை ஒரு முழம் உயரத்துக்கு இழுத்து ஆற்றினார்.

ஒளித்து வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள். போன வருஷம் சுகுமாறன் ஒரு டிரோன் வாங்கினார். அது பூச்சோங் பக்கமாகப் பறந்து போனது, இன்றுவரை திரும்பி வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் நின்ற இடத்திலேயே ஓடி உடம்பைக் குறைக்கிற மெஷின் வாங்கினார். அதன் கைப்பிடியில் இப்போது புனிதாவின் சேலைகள் காய்கின்றன. டிரோன் தொலைந்த மறுநாள் புனிதா அவரைப் பத்துமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். படி அத்தனையும் ஏறவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மனுஷனிடம் சத்தியம் வாங்கினாள். "இனிமே உனக்குத் தெரியாம ஒரு ஸ்குரூகூட வாங்க மாட்டேன்" என்று முருகன் காதில் விழும்படி சொல்லிவிட்டு இறங்கினார் சுகுமாறன்.

அந்தச் சத்தியத்துக்கு வேட்டு வைத்தது கிள்ளானில் நடக்கவிருந்த நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பார்த்து முடிவானது புனிதாவின் தங்கை தாமரைக்கு. "போட்டோக்காரர் ஒருத்தரப் பேசிடலாமா?" என்று மாமனார் இராமலிங்கம் வாயெடுத்ததுமே சுகுமாறன் குறுக்கே பாய்ந்தார். "நான் எதுக்கு மாமா இருக்கேன்? கேமரா சும்மாதானே கெடக்கு." மாமனாருக்கு வாயெல்லாம் பல். புனிதாவின் தம்பி ஜீவன் மட்டும், "மாமா எடுத்தா நம்ம எல்லாரும் ஆவி மாதிரி விழுவோம்" என்றான். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். புனிதா சிரிக்கவில்லை. இரவு படுக்கும்போது, "சொன்னபடி எடுத்துருவீங்கல்ல? எங்கப்பா உங்கள நம்பி யாரையும் பேசல" என்று மட்டும் கேட்டாள். அதுதான் சுகுமாறனைக் குத்தியது.

ஏனென்றால் ஜீவன் சொன்னது உண்மை. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் வெயிலில் நன்றாக எடுக்கும். மங்கிய விளக்கு போட்ட மண்டபத்துக்குள் போனால் அதற்குக் கண் தெரியாது. பெரிய வாய் திறந்து வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ் ஒன்று வேண்டும். கேமரா கம்பெனியே செய்கிற லென்ஸின் விலையைப் பார்த்துவிட்டுச் சுகுமாறன் போனைக் கவிழ்த்து வைத்தார். வெளிக் கம்பெனிக்காரர்கள் அதே கேமராவுக்குச் செய்கிற லென்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும்.

முப்பத்தைந்து மில்லிமீட்டரா, ஐம்பத்தாறா? எண் பெரிதானால் படத்தில் உருவமும் பெரிதாகும். மூன்று வாரம் இதே யோசனை. சுபாங் ஜெயாவில் ஆபீஸ் வேலை பார்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் யூடியூபில் வெள்ளைக்காரன்கள் பேசுவதைக் கேட்டார். கடைசியில் ஜூம் லென்ஸையே ஐம்பத்தாறுக்குப் பக்கமாக ஐம்பத்தைந்தில் வைத்துக்கொண்டு பாய் கடையில் ஒத்திகை பார்த்தார்.

"பாய், கல்லாகிட்ட நில்லுங்க. ஒங்க தலை மட்டுந்தான் விழுது."

"தலை மட்டும் வேணும்னா ஐசி கார்டு போட்டோவுலயே இருக்கே தம்பி."

"ஒங்க முழு உருவமும் விழணும்னா நான் ரோட்டுக்குப் போகணும்."

"ரோட்டுல பஸ் வருது. சின்னதா வாங்குங்க."

அப்படி முடிவானதுதான் முப்பத்தைந்து. வெளிக் கம்பெனிகளில் பெயர் கேள்விப்பட்ட ஒன்றையும், பெயர் வாயில் நுழையாத ஒன்றையும் கடைக்காரர் எடுத்து வைத்தார். விலை குறைவென்று சுகுமாறன் வாயில் நுழையாததை வாங்கினார். ரசீதைப் பெட்டிக்குள் மடித்து வைத்த கடைக்காரர், "கோளாறு இருந்தா ஏழு நாளுக்குள்ள பெட்டியோட கொண்டு வாங்க, மாத்தித் தரேன். பெட்டி இல்லன்னா முடியாது" என்று சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. அவர் மனமெல்லாம் அந்தப் பெட்டியை எங்கே ஒளிப்பது என்பதில் இருந்தது.

வீட்டு மூலையில் பழைய பேப்பர் அடுக்கு ஒன்று உண்டு. பேப்பர் லோரி வந்தால் அள்ளிக்கொண்டு போய்விடும். சுகுமாறன் பெட்டியை அதன் நடுவில் செருகினார். பழைய லென்ஸைக் காலுறைக்குள் போட்டு அலமாரியில் திணித்தார். புது லென்ஸைக் கேமராவில் மாட்டி, எப்போதும் வைக்கும் இடத்திலேயே, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். புனிதா வந்தாள், கேமராவைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனாள். சுகுமாறன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து லென்ஸைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த முறை. தமிழ்ப் பேப்பர் ஒன்றை விரித்துச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். எழுத்து எல்லாப் பக்கமும் கூர்மையாக விழுந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். எடுத்தார். நடுவில் அமைச்சர் பேச்சு பளிச்சென்று இருந்தது. வலது ஓரத்தில் ராசிபலன் தெளிவாக இருந்தது. இடது ஓரத்தில் மரண அறிவித்தல் தண்ணீரில் நனைந்ததுபோல் கரைந்து கிடந்தது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தார். இப்போது ராசிபலன் கரைந்துவிட்டது. சந்தேகமே இல்லை, லென்ஸில்தான் கோளாறு. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து கதவு திறந்தது.

"என்னங்க, பேப்பர ஏன் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"முதுகு வலி. நின்னுட்டே படிச்சா நல்லதாம்."

"கேமரா எதுக்கு?"

"படிச்சத ஞாபகம் வெச்சுக்க."

புனிதா பேப்பரைப் பார்த்தாள். கேமராவின் பின் திரையில் இருந்த படத்தையும் ஒரு தரம் பார்த்தாள். "படிச்சு முடிச்சதும் பசையத் துடைச்சுருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சுகுமாறனுக்கு அப்போதுதான் கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது. ஏழு நாள். பெட்டியோடு. மூலைக்கு ஓடினார். மூலை துப்புரவாக இருந்தது.

"புனிதா, பழைய பேப்பரெல்லாம் எங்க?"

"காலையில லோரிக்காரன் வந்தான், போட்டுட்டேன். ஏங்க, இன்னும் நின்னுட்டே படிக்கணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"அதுக்குள்ள ஏதாவது முக்கியமானது இருந்துச்சா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பத்துமலைப் படிகள் ஞாபகத்துக்கு வந்தன. "ஒன்னும் இல்ல" என்றார். பழைய லென்ஸை மாட்டினால் படம் முழுக்க ஆவி. புது லென்ஸை மாட்டினால் பாதிப் பேர் ஆவி. பாதிதான் பரவாயில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வேண்டியவர்களையெல்லாம் வலப் பக்கம் நிறுத்திவிட்டால் ஆயிற்று. அந்த லென்ஸை அதன் பிறகு தொடவே மனம் வரவில்லை. ஞாயிறு வரை கேமரா டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் சுகுமாறன் ஆட்டு மந்தை ஓட்டுகிறவர் போல் ஓடிக்கொண்டிருந்தார். "சித்தப்பா, வலப் பக்கம் வாங்க. அத்தை, நீங்களும். இன்னும் வலது." மேடையின் ஒரு பாதியில் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மறுபாதி வெறிச்சோடிக் கிடந்தது. ஜீவன் மட்டும் வேர்த்து விறுவிறுத்து, "நான் எங்க நிக்கட்டும் மாமா?" என்றான்.

"நீ இடது ஓரத்துல நில்லு மச்சான். ஒனக்கு அதான் சரியான எடம்."

இது வரைக்கும் திட்டம் பழுதில்லாமல் நடந்தது. தட்டு மாற்றும்போதுதான் மாட்டிக்கொண்டார். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், எதிரெதிரே உட்கார்ந்து தட்டை நீட்டினார்கள். யாரோ ஒரு வீட்டார் இடப் பக்கம் இருந்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைக் கரைத்தால் சம்பந்தம் கரைந்துவிடும். பெண் வீட்டாரைக் கரைத்தால் சுகுமாறன் கரைந்துவிடுவார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு தடவை இந்தப் பக்கம் நின்று, தட்டை மறுபடி மாற்றவைத்து இன்னொரு தடவை அந்தப் பக்கம் போய் எடுத்துவிட்டால்?

முதல் படம் எடுத்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "நல்லா இருக்கு. இப்ப தட்ட அப்படியே திருப்பிக் குடுங்க, இன்னொன்னு எடுத்துக்கிறேன்."

வாங்கின தட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான், உங்கள் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்ன சொல்றாரு இவரு?" என்றார். தாமரையின் முகம் சுருங்கிப்போனது. மாமனார் பாதி எழுந்துவிட்டார். சுகுமாறனுக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது. தன் வாயால் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டோம் என்று அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

புனிதா சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தாள். "தட்டு ஒங்ககிட்டயே இருக்கட்டும் அங்கிள், அது ஒங்களுது. தட்டுல கை வெச்சு எல்லாரும் கேமராவப் பாருங்கன்னுதான் சொல்றாரு. அவருக்குப் பேச வராது, எடுக்கத்தான் வரும்." சிரிப்பு எழுந்தது, தட்டும் சம்பந்தமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் கணவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பக்கத்தையும் ஒரே படத்துல எடுங்க. நல்லா விழும்."

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தட்டு மாற்றிய முதல் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கினார். மாமனாரின் மீசையில் நரைத்த முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. அடுத்த படத்தில் மாப்பிள்ளை அம்மாவின் பட்டுச் சேலையில் ஜரிகை இழை தெரிந்தது. எல்லாப் படமும் அப்படியே. மூலைக்கு மூலை பளிச். ஒரே ஒரு குறை. வலப் பக்கம் நாற்பது பேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, இடப் பக்கம் பரந்த வெளியில் ஜீவன் தனியாக ராஜா மாதிரி நின்றான். பிற்பாடு, பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று தாமரை தேர்ந்தெடுத்ததும் அந்தப் படத்தைத்தான்.

சுகுமாறன் நாற்காலியில் சாய்ந்தார். மார்பின்மேல் இருந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. தானாகவே குணமாகிவிட்டது. முருகனே இறங்கி வந்து கண்ணாடியை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும்.

"புனிதா, இங்க வந்து பாரேன். எப்படி எடுத்திருக்கேன் பாத்தியா? கை ராசி அப்படி."

புனிதா வந்தாள். கையில் ஒரு பெட்டி. வாயில் பெயர் நுழையாத கம்பெனியின் அதே பெட்டி. அதை மேசைமேல் வைத்தாள். உள்ளே ரசீது இருந்தது. அதன்மேல், "வேறு லென்ஸ் மாற்றிக் கொடுக்கப்பட்டது, வியாழக்கிழமை" என்று மலாய் மொழியில் முத்திரை விழுந்திருந்தது.

சுகுமாறன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லோரிக்காரன்..."

"லோரி புதன்கிழமையா வரும்? சனிக்கிழமைல்ல வரும். அன்னிக்குக் காலையில பேப்பரக் கட்டி ஒதுக்கும்போது பெட்டி கெடச்சுது. சாயங்காலம் சுவத்துப் படத்தப் பாத்ததுமே கண்ணாடி மையம் வெலகியிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க கடையில தெனமும் பாக்கிறதுதானே. மறுநாள் அந்த லென்ஸக் கழட்டி எடுத்துட்டு, லஞ்ச் நேரத்துல நீங்க வாங்கின கடைக்குப் போய் அதே மாடல்ல அஞ்சு லென்ஸ எடுக்கச் சொல்லி, டியூப் லைட்ல காட்டிப் பாத்து, நல்லதா ஒன்ன வாங்கிட்டு வந்து மாட்டி வெச்சேன்."

"அப்ப, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நாலு நாளாப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். ஒரு கணம் முகத்தில் வருத்தம் வந்து போனது. "எங்கப்பாவுக்காக வாங்குறேன்னு சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேன் லா."

சுகுமாறனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம். மன்னிப்பாக எதையோ சொல்லப் போனார். புனிதா கேமராவை எடுத்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒரு தரம் காட்டிப் பார்த்துவிட்டு, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு நானே எடுக்கிறேன். எல்லா லென்ஸும் ஒன்னுதான்னு நெனக்கிற ஆளுகிட்ட அதக் குடுக்க முடியாது."

"யாரு? நானா அப்படி நெனக்கிறேன்?"

"நாலு நாளா டிவிக்குப் பக்கத்துல இருந்தது நீங்க வாங்கின லென்ஸ் இல்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"