சின்னத்தாவுக்கு இரண்டு, தாய்மாமனுக்கு ஒன்றா?

உத்தமபாளையம்,
12.8.2007

அன்பு மருமகன் ரியாசுதீனுக்கு மாமா அப்துல் சமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நானும் உன் மாமி ரெஹானாவும் சுகம். மஸ்கட்டில் நீயும், என் தங்கச்சி கைருன்னிசாவும், மணப்பெண் அப்ரினும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். சுகம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

உன் தங்கச்சி நிக்காஹ் அழைப்பை மெயிலில் அனுப்பியிருந்தாய். மஸ்கட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வர முடியாது என்று எனக்கும் தெரியும். நம்மூர் வழக்கம் உனக்கும் தெரியும். பள்ளிவாசலில் வைத்துச் சொல்வது ஊருக்கு. வீடேறி வந்து சொல்வது உறவுக்கு. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுப் பந்தியில் உட்காருகிறவனை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள்? அதனால்தான் குடும்ப மெயில் குழுவுக்கு ஒன்று, முக்கியமானவர்களுக்குத் தனியே ஒன்று அனுப்புவதாகப் போனில் சொன்னாய். நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் அப்பாவின் தம்பி, சின்னத்தா இத்ரீஸ் வந்து, "மச்சான், எனக்கு ரெண்டு மெயில் வந்திருக்கு. உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுதான். "ரெண்டுதேன்" என்று பள்ளிவாசல் படியிலேயே பொய் சொல்லிவிட்டு, வயிறு எரிய பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அதை நடத்துகிற ஜெபஷீலா தேடு தேடென்று தேடினாள். "ஒரே மெயில் ரெண்டு வழியா வந்தா, ஒங்க மெயிலு ஒண்ணைத்தேன் காட்டும் பாய். இன்னொண்ணை மறைச்சிரும்" என்றாள். என் அழைப்பை மறைக்க அது யார்? அந்தப் புது மெயில் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்ததே நீதான்! இத்ரீஸ் பழசையே கட்டிக்கொண்டு அழுகிறார், அவருக்கு இரண்டு. வீட்டுக்கு வந்தால் உன் மாமி, "ஊரோட சேத்து நமக்கும் சொல்லிட்டாக. ஊரோட சேந்து பிரியாணி தின்னுட்டு வாங்க" என்றாள்.

ஆமாம், பொறாமைதான். அப்ரினுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவன் நான். இத்ரீஸ் ஆரஞ்சு கொண்டுவந்து, அதை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார். ஆகவே நிக்காஹுக்கு நான் வருவதாக இல்லை. தாய்மாமன் சீரையும் அவரே செய்யட்டும். இரண்டு அழைப்புக்கு இரண்டு சீர்.

அப்ரினுக்கு என் முழு துஆ. அதில் கோபம் கலக்காது. உன் அம்மாவுக்கு சலாம். உனக்குப் பாதி சலாம்.

இப்படிக்கு,
ஊரோடு ஒருவனாகிவிட்ட மாமா,
அப்துல் சமது

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் ஜெபஷீலா கூப்பிட்டு, மெயிலின் மேல்பகுதியை விரித்துக் காட்டினாள். எனக்கு வந்தது நீ என் பெயருக்கு நேராகப் போட்ட அழைப்பாம். மறைந்தது குழுவின் நகலாம். இத்ரீஸை அவளே இரண்டு முகவரி கொடுத்துக் குழுவில் சேர்த்துவிட்டாளாம். அவருக்கு வந்த இரண்டுமே ஊர் அழைப்பு! தனி அழைப்பில் அவரை விட்டது மறதியா, வேண்டுமென்றேயா, கேட்க மாட்டேன். கல்யாண வீட்டுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வருகிறோம். அப்ரின் வளையல் அளவை உடனே எழுது. மேலே உள்ளதை யாருக்கும் காட்டாதே. பின்குறிப்பை மட்டும் டைப் செய்து குழுவுக்கு அனுப்பு. உன் சின்னத்தாவுக்கு இரண்டு தடவை போகும்.