ஹூபர்ட்டுக்கு முப்பதாம் நாள்

ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் ஊரில் நிறையப் பேர். காக்கக் கூடாத ரகசியத்தைக் காத்து மானம் போனவன் நான் ஒருவன்தான்.

மகன் பூச நட்சத்திரம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜோசியர் கொடுத்த எழுத்துகள் ஹூ, ஹே, ஹோ, ட. "எழுத்து கிடக்கட்டும், முருகன் பேரா பாத்து வைங்க," என்று பொறுப்பை என்னிடம் விட்டாள் மனைவி மாலா. (பிரசவக் களைப்பு, பாவம்.) எனக்கோ எழுத்தை மீற மனமில்லை. மூன்று நாள் இணையத்தைக் குடைந்து 'ஹூபர்ட்' கண்டுபிடித்தேன். பழைய ஜெர்மானியப் பெயர். ஒளிமிக்க அறிவுடையவன் என்று பொருள். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்து, இப்போது வைப்பாரில்லாமல் கிடக்கிறதாம். எங்கள் சொந்தத்தில் மட்டும் நான்கு தர்ஷன்கள். ஒரு ஹூபர்ட் இருக்கட்டுமே! யாரிடமும் சொல்லாமல் பேனருக்கு ஆர்டர் கொடுத்தேன்.

முப்பதாம் நாள், கிள்ளானில் மண்டபம். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் குழந்தை காதில் பெயர் சொல்லியாக வேண்டும். பதினொன்றரைக்கும் ஐயரைக் காணோம், சொந்தத்தையும் காணோம். ஐயருக்குப் போன் போட்டேன்.

"வந்தேனே தம்பி! வாசல்ல 'ஹூபர்ட் செல்லமே வருக'ன்னு இருந்துச்சு. கிறிஸ்துவங்க ஃபங்ஷன்னு நெனச்சு அடுத்த பூஜைக்கு மேரு டவுனுக்கு வந்துட்டேன்."

வாசலுக்கு ஓடினேன். பெரியப்பா குடும்பத்தோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"மண்டபம் மாறிப்போச்சுலா!"

"மாறல பெரியப்பா! ஹூபர்ட் நம்ம பையன்தான்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படா மதம் மாறின?"

சத்தம் கேட்டு, அலங்கார அறையிலிருந்து குழந்தையோடு வந்த மாலா அப்போதுதான் பேனரைப் படித்தாள். நான் பதறிப்போய் பொருள், பூர்வீகம், புகழ் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"ஒளிமிக்க அறிவும்மா!"

"அது மொதல்ல உங்களுக்கு வேணும்."

மணி பதினொன்று ஐம்பது. மாலா யாருக்கும் காத்திருக்கவில்லை. பேனருக்குக் கீழேயே நின்று மகன் காதில் 'சரவணன்' என்று மூன்று முறை சொன்னாள். அவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். பெரியப்பா காரைவிட்டு இறங்கிச் சாப்பிடப் போனார்.

ஹூபர்ட் வீணாகவில்லை, என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டான். சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டினால், "ஹூபர்ட், ஒளி வீசுதுலா!" என்கிறார் பெரியப்பா. போன மாதம் பள்ளிக்குப் போனேன். "வாங்க மிஸ்டர் ஹூபர்ட்," என்று வரவேற்ற ஆசிரியை, ஏழு வயது சரவணனின் நோட்டை நீட்டினார்.

'என் அப்பாவின் பெயர் ஹூபர்ட். அவர் பெரிய அறிவாளி.'

கீழே பெற்றோர் கையொப்பம் இருந்தது. மாலாதான் போட்டிருந்தாள்.