தலைவெட்டிக் கோயிலும் என் தலையும்

கடலூர், மஞ்சக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

சிதம்பரம் கீழ வீதியில் மனைவி மக்களுடனும், இருபத்தொரு நாளாக என் மனைவியுடனும், சகல சௌபாக்கியங்களோடு வாழ்ந்துவரும் மச்சான் திரு. பழனிவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை தில்லையம்மாளைக் கைப்பிடித்த மணவாளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் மகன் ஸ்ரீதரும் நலமாக இருக்க நடராசப் பெருமானை வேண்டுகிறேன். இங்கே நானும் மகள் இளமதியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுத மாட்டேன். மூன்று வேளையும் உப்புமா தின்கிறவன் நலம் என்று எழுதினால் அது பொய்க் கடிதமாகிவிடும்.

செல்போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அடித்தால் நீங்கள் கட் பண்ணுகிறீர்கள். உங்கள் தங்கை எடுப்பதே இல்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் பேசலாம் என்று போனால், அங்கே நீங்கள் என்னைப் பற்றிப் போட்ட பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அட்மின் ஸ்ரீதர் என்னை வெளியே தள்ளிவிட்டான். விசாரணை உண்டா, விளக்கம் கேட்டதுண்டா, ஒன்றும் கிடையாது. ரகசியச் சங்கத்தில் சேருகிறான் என்று என்மேல் குற்றம், ஆனால் என்னைத் தவிர மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து என்னைப் பற்றியே பேசுகிற ஒரு குரூப்பை நீங்கள் நடத்துகிறீர்கள், அதற்கு என்ன பெயர் மச்சான்? போஸ்ட்மேனை யாரும் பிளாக் பண்ண முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பதினொன்றில் நான் கேட்க முடிந்த ஏழு நிமிடத்தில் நீங்கள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "மாப்ள ஃப்ரீமேசன் கூட்டத்துல சேரப் போறாரு, அவுங்க ஒலகத்தையே ஆட்டிப் படைக்கிறவங்க, உள்ள போனா தலைய வெட்டி ஒட்டவச்சி அனுப்புவாங்க, அப்புறம் அவுங்க சொல்றதத்தான் கேப்பாரு" என்றீர்கள். முதலில் தலை. இன்று காலை சவரம் பண்ணும்போதுகூடப் பார்த்தேன், அது கழுத்தின் மேல்தான் இருக்கிறது, சுற்றிலும் தையல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் சனங்கள் ஃப்ரீமேசன்கள் கூடுகிற அந்தக் கட்டடத்துக்குத் தலைவெட்டிக் கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கதவு சாத்தியிருந்தால் போதும், உள்ளே வெட்டுக்குத்துதான் என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்தேன், உள்ளே இருப்பது வரிசையாக நாற்காலி, ஒரு அலமாரி நிறையப் பழைய புத்தகம், மீசைக்காரப் பெரியவர்களின் போட்டோ, கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட தரை. அடுத்து உலகத்தை ஆட்டிப் படைப்பது. அந்த ஹாலில் இரண்டு ஃபேன் ஓடாமல் தொங்கி ஒரு வருஷம் ஆகிறது, எலெக்ட்ரீஷியன் நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன் என்கிறானாம். உலகத்தை ஆட்டுகிறவர்களுக்கு ஒரு எலெக்ட்ரீஷியனை வரவழைக்கத் துப்பில்லையா? கொஞ்சம் யோசியுங்கள்.

நான் அங்கே போனதே ஒரு தப்புக் கணக்கில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்துவிட்டுத் திரும்பும்போது ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கின இடத்தில் ஒரு பழைய கேட், கேட்டின் மேலே கவராயமும் மூலைமட்டமும் பொறித்திருந்தது. முப்பத்துநாலு வருஷம் சர்வேயராக இருந்தவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? சர்வேயர் சங்க ஆபீஸ் போலிருக்கிறது, நமக்குச் சொல்லாமலே கட்டிவிட்டான்களே என்று கோபமாக உள்ளே போய், "இங்க மெம்பர்ஷிப் ஃபாரம் யாரு குடுக்கிறது?" என்று அதட்டிவிட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா, இரும்புக் கடை முஹம்மது இஸ்மாயில் பாய். 2009-இல் முதுநகரில் அவர் குடோன் மனையை அளந்தவன் நான், என் அளவில் அவருக்கு மூன்றடி போய்விட்டது. திட்டப் போகிறார் என்று நின்றேன். அவரோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கண்ணே, நனைஞ்சிட்டீங்களே, டீ குடிங்க. நீங்க அளந்தது சரிதாண்ணே, எனக்குத்தான் மூணடி போச்சு" என்று சிரித்தார்.

மச்சான், இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கக் கூடாது. ஒரு வரப்புக்கு இரண்டு பக்கம் உண்டு, எந்தப் பக்கம் அளவுச் சங்கிலியைப் பிடித்தாலும் மறுபக்கத்துக்காரன் என்னை ஏசினான். சேத்தியாத்தோப்பில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். திருவதிகையில் ஒரு அம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். நான் அளந்த எந்த வீட்டாரும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்ததில்லை. ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து என் போன் அடிக்கவே இல்லை, அடித்தால் அது லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண். முப்பத்துநாலு வருஷத்தில் "நீ அளந்தது சரி" என்று நஷ்டப்பட்டவனே சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான். டீ சூடு என்று சொல்லி டம்ளருக்குள் ஊதிக்கொண்டே இருந்தேன். சர்வேயர் சங்கம் இல்லை என்று தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. "அப்படி என்ன பாய் ரகசியம்?" என்று கேட்டதற்கு, "இருக்குண்ணே, ஆனா வெளிய சொன்னா சப்புனு போயிடும்" என்றார். அந்தப் பேச்சே எனக்குப் பிடித்துப்போய் அங்கேயே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு கிளம்பின அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மனுக் கொடுத்தவன் வீட்டுக்கு மூன்று பேர் நேரில் வந்து, ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். நான் தில்லையம்மாளிடம், "முக்கியமானவங்க மூணு பேரு வர்றாங்க, நல்லா கவனி" என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் முழுதாகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு சஸ்பென்ஸாக இருக்கட்டும் என்றுதான், வேறு பயம் ஒன்றும் இல்லை. வந்தவர்கள் இஸ்மாயில் பாய், ஒரு ரிட்டயர்டு தாசில்தார், அப்புறம் முப்பத்தைந்து வயதில் நல்ல சிவப்பாய் ஒரு பல் டாக்டர். மூவரும் கோட்டு போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிளும் ஒரு முழுப் பண்ருட்டிப் பலாப்பழமும். இருபத்தாறு வயதில் கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற தாய் என்ன நினைப்பாள்? பாய் தெரிந்தவராச்சே, நல்ல இடமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், தாசில்தார் பெரியப்பா, டாக்டர் மாப்பிள்ளை என்று ஒரு நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டாள். நான் பாயோடு பேசிக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் கேசரி கிளறும் வாசனை வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது, ஆஹா, நம்ம வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று நானும் பூரித்துப்போனேன். இதுதான் மச்சான் நான் செய்த தப்பு, கேசரி எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

தாசில்தார் ஃபைலைத் திறந்து, "கடவுள் நம்பிக்கை உண்டுங்களாம்மா?" என்றார். எந்தச் சாமி என்று அவர்கள் கேட்பதில்லை, நம்பிக்கை இருந்தால் சரி. இவள், "வெள்ளிக்கிழமையானா பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவாம இருந்ததில்லைங்க" என்றாள். "கெட்ட பழக்கம் ஏதாவது?" என்று பல் டாக்டர் கேட்டதற்கு, "எங்க வம்சத்துலயே கெடையாதுங்க தம்பி, நீங்க பஜ்ஜி எடுத்துக்குங்க" என்றாள். "போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்லியே?" என்றபோதுதான் லேசாக முகம் சுருங்கியது, டாக்டர் குடும்பம் எல்லாம் விசாரிக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டாளாம். "எப்ப முடிவு சொல்லுவீங்க?" என்று இவள் கேட்க, தாசில்தார், "நாங்க எல்லாரும் ஒக்காந்து ஓட்டுப் போடுவோம்மா. வெள்ளக் குண்டு போட்டா சரி, ஒரே ஒருத்தர் கறுப்புக் குண்டு போட்டாலும் வேணாம்னு அர்த்தம்" என்றார். இவள் அசந்துபோய், "எத்தன பேருங்க உங்க வீட்டுல?" என்று கேட்டாள். "நாப்பத்தி ரெண்டு பேரு, அத்தினி பேரும் அண்ணன் தம்பிங்க" என்றார் பாய், சங்கத்தில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து இளமதி பட்டுப் புடவையும் காபித் தட்டுமாக, என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து வந்தாள்.

பல் டாக்டர் திடுக்கிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "உங்களுக்குப் பூரண சம்மதந்தானேம்மா?" என்று தாசில்தார் கேட்டார். "பொண்ணுக்குப் புடிச்சிருந்தா எங்களுக்கும் சம்மதங்க" என்றாள் இவள். "எந்தப் பொண்ணும்மா? நாங்க ஐயாவப் பாக்க வந்திருக்கோம்" என்றார் பாய். இளமதிதான் முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தட்டை என் கையில் கொடுத்து, "அப்பா, நீயே எல்லாருக்கும் காபி குடு, ஒன்னத்தான பாக்க வந்துருக்காங்க" என்றாள். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கார் தெருமுனை திரும்புகிறவரை தில்லையம்மாள் பொறுத்திருந்தாள். "அறுவத்திரெண்டு வயசுல ஒங்களப் பொண்ணு பாக்க மூணு பேரு கோட்டு போட்டுக்கிட்டு வர்றாங்க, இருவத்தாறு வயசுல நிக்கிற எம்பொண்ணப் பாக்க ஒருத்தனும் வரல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றாள். இதற்கு மேலே எதிர்வீட்டு அமராவதி வந்து, "அக்கா, அது தலவெட்டிக் கோயிலாச்சே!" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். இரண்டு பை, அந்தப் பலாப்பழத்தில் பாதி, சிதம்பரம் பஸ்.

போகட்டும். மச்சான், நீங்கள் இருப்பது எந்த ஊரில்? திரைக்குப் பின்னால் இருக்கிற ரகசியத்தைப் பார்க்க நாலு திசையிலிருந்தும் சனம் வந்து நிற்கிற ஊரில். நான் குறை சொல்லவில்லை, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவன்தான். ஊருக்கே ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அதன் பெயராலேயே உலகமெல்லாம் அறியப்பட்டிருக்கிற நீங்கள், கடலூர்க்காரன் ஒரு சின்ன ரகசியம் வைத்துக்கொள்ள நினைத்தால் இந்தக் குதி குதிப்பது நியாயமா? அதோடு, வியாழக்கிழமை தோறும் கண் டாக்டரைப் பார்க்க என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நீங்கள் எந்த மனமகிழ் மன்றத்தில் எந்த மேசையில் ரம்மி ஆடுகிறீர்கள் என்பது எனக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். உங்கள் கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. யாரிடமாவது சொன்னேனா? ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவன் யார், குரூப்பில் பதினோரு நிமிடம் பேசுகிறவன் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகையால் தீர்மானமாக எழுதுகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் சேருவது சேருவதுதான். சேர்க்கிற சடங்கில் கண்ணைக் கட்டினால் கட்டட்டும், கழுத்தில் கயிறு போட்டால் போடட்டும், ஒரு கால் பேன்ட்டைச் சுருட்டச் சொன்னால் இரண்டு காலையும் சுருட்டிக்கொண்டு போவேன். உங்கள் அனுமதி எனக்கு வேண்டாம். உங்கள் தங்கையின் அனுமதியும் வேண்டாம். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் எல்லையை அளந்தவனுக்குத் தன் எல்லை எதுவென்று தெரியும். யார் தடுத்தாலும், அங்கிருந்து எத்தனை வாய்ஸ் மெசேஜ் வந்தாலும், மணவாளன் பின்வாங்கமாட்டான்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். ஸ்ரீதர் சீரும் சிறப்புமாக, அட்மின் பதவியில் நெடுங்காலம் நிலைத்திருக்க ஆசீர்வதிக்கிறேன். தில்லையம்மாளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மூட்டு வலி மாத்திரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன், காலையில் ஒன்று.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத
இரா. மணவாளன்,
சர்வேயர் (ஓய்வு).

பின்குறிப்பு: மாத்திரை அட்டைக்குக் கீழே மடித்து ஒரு ஃபாரம் இருக்கும். அதில் கடைசிக்கு முந்தின வரியில் "மனைவியின் சம்மதம்" என்று போட்டுக் கோடு கிழித்திருக்கும், நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஓட்டுக்கே எடுக்கமாட்டோம் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "வீட்டம்மா மனசு நோவ எந்தத் தம்பியும் எங்களுக்கு வேணாண்ணே" என்கிறார். உலகத்தை ஆட்டிப் படைக்கிற சங்கம் உங்கள் தங்கையின் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. சாயங்காலம் காபி குடித்தபிறகு, நல்ல மூடில் இருக்கும்போது நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், கண் டாக்டர் விஷயம் என்னோடு மண்ணாகப் போகும். போட மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். பயமாகத்தான் இருந்தது மச்சான், முன்னமே சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று, அதனால்தான் மறைத்தேன். என்னிடம் இருப்பது இந்த ஒரே ஃபாரம், வேறு கேட்டு வாங்கமாட்டேன். கிழிப்பதானால் கிழிக்கட்டும். ஆனால் அங்கே வேண்டாம், இங்கே வந்து, என் எதிரில் நின்று கிழிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.