சௌனாவில் ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் ஃபின்லாந்தில் பள்ளி ஆய்வாளர் என்ற பதவியை எப்போதோ ஒழித்தாகிவிட்டது. ஆசிரியரை நம்பினால் போதும் என்று அரசு திருவுளம் கொண்டது. இந்த நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று ஆய்வு செய்ய, உலகத்தில் மிச்சமிருந்த ஆய்வாளர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. அதை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தூரத்துப் பெரிய பள்ளிக்கு அனுப்ப நகராட்சி துடித்துக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் கட்டும் கட்டணத்தால்தான் கதவு திறந்திருந்தது. ஆகவே நகராட்சிச் செயலர் பக்காரினன், தலைமையாசிரியை டெல்லர்வோவுக்கு அறிவுரை வழங்கினார்.

"பாடம் நடத்துறதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வராங்க? அது அவங்க ஊர்லயே இருக்கு. பிள்ளைங்க விளையாடணும், சிரிக்கணும். போன வாரம் ஒரு பையன் உம்முனு இருந்தான்னு புகார் வந்திருக்கு."

"அவனுக்குப் பல்வலி."

"பல்வலியெல்லாம் லீவுல வச்சுக்கச் சொல்லுங்க."

அன்று முதல் காலையில் விளையாட்டு, மதியம் மறுநாள் விளையாட்டுக்கு ஒத்திகை. பனியில் உருள ஆளுக்கொரு இடம் ஒதுக்கப்பட்டது. சிரிப்புச் சரியாக வராத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு.

என் மகள் கெர்த்து நாலாம் வகுப்பு. ஒருநாள் பட்டாணி சூப்பு குடிக்கும்போது, "ஏழொன்பது எவ்வளவுடி?" என்று கேட்டேன்.

"அதைப் பத்தி எனக்குப் பயமே இல்லப்பா," என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். நேரே டெல்லர்வோவிடம் போனேன். "எனக்கு மட்டும் பாடம் நடத்த ஆசை இல்லையா? எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு கேமரா நிக்குது," என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார்.

ஜன்னல் இல்லாத இடம் என்னிடம் இருந்தது. என் வீட்டு சௌனா. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி வியர்க்க உட்காரும் அந்த மரக்குடிலுக்குள் எட்டிப்பார்ப்பது எங்கள் ஊரில் மகா மரியாதைக்கேடு. சந்தேகம் வராமலிருக்க அடுப்பை லேசாக மூட்டி, அரைக்கைச் சட்டையோடு பிள்ளைகளை உட்காரவைத்து, டியூஷன் தொடங்கினோம். நீராவியில் புத்தகம் நனைந்துவிடும், அதனால் எல்லாம் மனப்பாடம். பிள்ளைகள் வியர்த்து வழிய ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் மாதம், வெயில் நாடொன்றின் கல்வித்துறை இணைச் செயலாளர் தம் குழுவோடு விஜயம் செய்தார். மரியாதைக்கேடு எல்லாம் நகராட்சிக்குப் பொருந்தாது போலும். பக்காரினன் விருந்தோம்பல் முற்றி, என்னைக் கேளாமலே அவர்களைச் சௌனா காட்ட அழைத்துவந்து குடிலின் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே, "ஏழொன்பது அறுபத்து மூணு!" என்று கோஷம். டெல்லர்வோ கையில், சௌனாவில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்து. பள்ளி ஒழிந்தது என்று நான் தலையில் கைவைத்தேன். பக்காரினன் கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தார்.

இணைச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இதைத்தான் இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சீங்களா? புத்தகம் இல்ல, நோட்டு இல்ல, பதில் தானா வருது. எல்லாம் இந்தச் சூடு பண்ற வேலை."

"நம்ம நாட்டுல எல்லாப் பள்ளிக்கும் அடுப்பு வைக்கச் செலவாகுமே சார்?" என்றார் உதவியாளர்.

"அடுப்பு எதுக்குய்யா? ஜன்னலைச் சாத்தினா போதும்."

அவருடைய அறிக்கை நாடு நாடாகப் பரவியது. வந்தவர்கள் எல்லாரும் சௌனாவைத்தான் கேட்டார்கள், பள்ளியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நகராட்சி கூடி ஆலோசித்து, பார்வையாளர் பார்க்காத கட்டடம் வீண் என்று தீர்மானித்துப் பள்ளியை மூடியது. என் சௌனாவுக்கு 'மாதிரி நீராவிக் கல்வி நிலையம்' என்று பலகை மாட்டி, கல்லில் தண்ணீர் ஊற்ற டெல்லர்வோவை நியமித்தது. கெர்த்து பேருந்தில் பெரிய பள்ளிக்குப் போய்வருகிறாள். அங்கேயும் இப்போது சிரிப்பு வகுப்புதான்.

ஆனால் ஊரில் யாரும் எட்டிப்பார்க்காத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. பூட்டிய பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் டெல்லர்வோ பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, புத்தகத்தைத் திறந்து பாடம் நடத்துகிறார். அருமையாக நடக்கிறது. தயவுசெய்து பார்க்க வந்துவிடாதீர்கள்.