இசை அஞ்சலிக்கு வந்த கதிரைகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டுப் படலை வாசலில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் இழுவைப் பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கதிரைகள். உண்மையில் எல்லாம் முதல்நாள் மாலை, அக்கராயன் சந்தியில் நான் பதாகை கட்டியபோதே பிழையாகிவிட்டது. எனக்குத் தகவல் வந்து சேர்ந்த நேரம்தான் இரண்டு பத்து.

என் மகள் ஆரணிக்குப் பதினைந்து வயது. பேஸ் கிற்றார் வாசிக்கிறாள். (நாலு தடித்த கம்பி உள்ள கிற்றார். மற்றக் கிற்றார் காதுக்குக் கேட்கும். இது நாங்கள் இருக்கிற கதிரைக்குக் கேட்கும்.) அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நோய் என்னிடமிருந்து தொற்றியது. ஜாஸையும் ரொக்கையும் கலந்து வாசித்த ஒரு வெளிநாட்டு பேஸ்காரர் மேல் எனக்கு ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்தே பைத்தியம். என் இப்போதைய வயதை எட்டாமலே இறந்துபோனவர். குசினியில் அவரைப் போட்டுவிட்டுத்தான் நான் தேங்காய் துருவுவேன். ஆரணிக்கு அவர் "அம்மான்ர ஆள்". அவளுடைய ஆட்கள் இணையத்தில் வரும் பொடிசுகள். கால் நிலத்தில் எட்டாமல் கதிரையில் இருந்துகொண்டு, பெரியவர்கள் வியர்த்து வாசிக்கிற இடங்களைச் சிரித்துக்கொண்டே தாண்டிப்போகும் சின்னப் பிள்ளைகள்.

என் ஆளின் நினைவுநாளில் எங்கள் முற்றத்தில் வாசிப்பதென்று ஆரணி முடிவெடுத்தாள். அவளுடைய முதல் கச்சேரி.

"ஒருத்தரும் வராட்டில் நான் இனி உந்தக் கிற்றாரைத் தொடமாட்டன் அம்மா. கனடா மாமாட்டயே திருப்பி அனுப்பிவிடுங்கோ."

சொன்னால் செய்கிற பிள்ளை. ஒட்டுசுட்டானில் இருக்கும் என் பெரியக்காவின் குணம். கிற்றார் வந்திறங்கிய அன்று அக்கா, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கடி? உது அங்க இருக்குமட்டும் நான் உன்ர வாசல் மிதிக்கமாட்டன்" என்றார். சொன்னபடியே மிதிக்கவும் இல்லை.

சனம் வரவேண்டுமே என்ற பயத்தில் பதாகையை நானே வடிவமைத்தேன். பின்னணி முழுக்கக் கறுப்பு (ஜாஸ் இசைத்தட்டு உறைகள் அப்படித்தான் இருக்கும்). பேஸ்காரரின் படத்தைப் போட்டால் இங்கே யாருக்குத் தெரியும் என்று ஆரணியின் சிரித்த முகத்தைப் பெரிதாகப் போட்டேன். மேலே "இசை அஞ்சலி". கீழே பேஸ்காரரின் பெயர், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதன் கீழ் அவருடைய பிறந்த திகதியும் இறந்த திகதியும், தோற்றம், மறைவு என்று. கடைசியில் "ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எமது இல்லத்தில்". சந்தியில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, கணக்கு ரீச்சருக்குக் கைவேலையும் வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சந்தியில் கறுப்பில் ஒரு முகம் தொங்கினால் யாரும் நின்று வாசிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், நேரத்தைப் பார்ப்பார்கள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் வெள்ளைச் சட்டை மாற்றுவார்கள்.

உழவு இயந்திரத்திலிருந்து மரண உதவிச் சங்கத் தலைவர் தருமண்ணை இறங்கினார். பின்னால் சந்தியடிப் பரிமளமக்கா.

"ரீச்சர், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாம் நாங்கள் பாக்கிறம்." அவருக்குக் குரல் தழுதழுத்தது.

இசையில் இவ்வளவு ஈடுபாடா என்று நான் உருகிப்போனேன். "ஐயோ அண்ணை, நான் கேக்கவே இல்லையே! எவ்வளவு சனம் வருமெண்டு நினைக்கிறியள்?" எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

தருமண்ணை திரும்பி, "பரிமளம், ரீச்சரை ஒருக்கா இருத்து. தண்ணி குடு" என்றார்.

"எனக்கேன் தண்ணி? ஸ்பீக்கர் இருக்கோ?"

"இருக்கு ரீச்சர். தேவாரம் போடவேணுமெல்லே."

"தேவாரம் வேண்டாம் அண்ணை. பிள்ளை தானே வாசிப்பாள்."

பரிமளமக்கா வாயைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினார். தருமண்ணை என் தோளைத் தொடாமல் தொட்டு, "பிள்ளையை எப்ப கொண்டருவினம்?" என்றார்.

"எங்கயிருந்து? உள்ளுக்கதான் கிடக்கிறாள். நாலு மணிக்கு முதல் எழுப்பவேணும்."

அந்த நேரம் பார்த்து ஆரணி கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையில் அரைவாசி கடித்த பாணோடு வெளியே வந்தாள். "ஆரம்மா அழுகினம்?"

பரிமளமக்கா போட்ட சத்தத்துக்கு வளவில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தருமண்ணை தான் கொண்டுவந்த கதிரையில் தானே முதலில் இருந்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, சந்தியில் பிடித்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அப்போதுதான் நானும் அதை ஊர்ச்சனத்தின் கண்ணால் பார்த்தேன். கறுப்பு. என் பிள்ளை. மறைவு.

"கணக்குப் படிப்பிக்கிற நீங்கள், ஆரோ ஒருத்தன்ர சாவுத் திகதியை உங்கட பிள்ளைக்குக் கீழ போட்டிருக்கிறியள். எங்கட வயித்தில நெருப்பைக் கட்டிப்போட்டியளே ரீச்சர்!"

நான் படிப்பித்த பிள்ளைகளின் படங்களுக்கு விளக்கேற்றும் வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. அங்கெல்லாம் நானும் போய் இருந்திருக்கிறேன். சந்திக்கு ஓடிப்போய்ப் பதாகையை அவிழ்த்தபோது ஒரு முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்தேன்.

திரும்பி வந்தபோது முற்றம் முழுக்கக் கதிரை போட்டாயிற்று. "இறக்கினது இறக்கினதுதான். இப்ப ஏத்த ஆக்கள் இல்லை" என்றார் தருமண்ணை. சனம் வந்துகொண்டே இருந்தது. படலையில் செய்தி அறிந்து என்னை ஏசினார்கள். ஆரணியின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். பிறகு, தேத்தண்ணி ஊற்றியாயிற்று என்பதால் இருந்துவிட்டார்கள்.

நான்கு மணிக்கு ஆரணி கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஒரு கதிரைகூட மிச்சமில்லை" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

செத்தவீட்டு ஸ்பீக்கரில் பேஸைக் கொழுவி, முதலில் என் ஆளின் உருப்படி, பிறகு அவளுடைய பொடிசுகளில் ஒருத்தியின் உருப்படி. யாரும் கை தட்டவில்லை. வெள்ளை உடுப்போடு, தலை குனிந்து, மிக மரியாதையாக இருந்தார்கள். மூன்றாவது முடிந்ததும் தருமண்ணை என் பக்கம் சரிந்து, "நல்லாயிருக்கு ரீச்சர். பாட்டுக்காரர் எப்ப வருவார்?" என்றார்.

நாலாவது நடக்கும்போது படலையில் ஓட்டோ நின்றது. "என்ர ராசாத்தீ..." என்று ஒப்பாரி. பெரியக்கா. யாரோ அவருக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அக்காவுக்கும் படம் போயிருக்குமென்று பயந்து நான் பிறகு எடுத்த அழைப்பெல்லாம் சார்ஜ் முடிந்த போனுக்குப் போயிருக்கிறது. மிதிக்கமாட்டேன் என்ற வாசலை மிதித்து, தலைவிரிகோலமாக முற்றத்தின் நடுவுக்கு வந்தவர், ஆரணியைக் கண்டார். கிற்றாரைக் கண்டார். ஆரணி பயந்து கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

அக்கா ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு நேர் முன்னால் போட்டு இருந்தார். அன்று அவர் சொன்னதை, இன்றும் எங்கள் வீட்டில் யார் எதைத் தொடங்கப் பயந்தாலும் மற்றவர் சொல்லுவார்.

"நான் ஒட்டுசுட்டானில இருந்து அழுதுகொண்டு வாறன். உடன நிப்பாட்டேலாது. நீ வாசி பிள்ளை, நான் அழுது முடிச்சிட்டுக் கேக்கிறன்."