கராம்பு ஸ்டோர் ஜின்

ஸஜீதா வந்து சேர்வதற்குள் அந்தப் பறவையைத் தானே வெளியே விரட்டிவிடுவது என்று முத்தலிப் நானா முடிவு கட்டினார். கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டிலில் ஏறி நின்று மனைவி ஸஜீதாவைக் கூப்பிடுகிற மனுஷன், இன்று விளக்குமாறும் கையுமாகத் தனியே களமிறங்கினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இனிப்புக்குத் தடை. நானாவும் முகம் சுளிக்காமல் வெறும் பிளேன்டீ குடித்துவந்தார். ஊரே மெச்சியது. ஆனால் மாத்தளை டவுனுக்குக் கராம்பு விற்கப் போகும்போதெல்லாம் அவர் தித்திக்கும் தொதல் துண்டுகள் வாங்கி வருவது ஊருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கராம்பு ஸ்டோரில், சாக்குகளுக்குப் பின்னால், ஜன்னல் திட்டில் ஒரு பிஸ்கட் டின். தொதல் அதற்குள். ஸஜீதா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலிருக்க ஒரு பேய்க்கதையும் கட்டிவிட்டிருந்தார்.

"ஸ்டோர்ல ஜின் இருக்கு. நீ போகாத. நான் ஓதிக்கிட்டுப் போவேன்."

இன்று காலை தொதல் ஆசையில் ஓதாமலே போய்விட்டார். கதவைத் திறந்ததுதான் தாமதம், இருட்டிலிருந்து எதுவோ படபடவென்று வந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. ஜின் தன்னுடைய சொந்தத் தயாரிப்பு என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"யா அல்லாஹ்! நெசமாவே வந்திருச்சி!"

அந்தக் கத்தலில் பக்கத்துப் பலாமரத்துக் குரங்குகள் இடத்தைக் காலி செய்தன. பிறகுதான் பார்த்தார், அது ஒரு கொண்டைக்குருவி. வழி தெரியாமல் கூரைத் தகரத்தில் போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றை அவர் ஓங்க ஓங்க அது இன்னும் மேலேதான் போனது. கத்தல் வீடுவரை கேட்டிருந்ததால் ஸஜீதாவும் வந்துவிட்டாள்.

"என்னங்க, ஜின்னா?"

"ஆமா... இல்ல... சின்ன ஜின்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "கொண்ட வெச்ச ஜின்னா?"

"நீ போ ஸஜீதா, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்தா அது முட்டி முட்டியே செத்துரும். பாவம், அதுவும் ஒரு உசிருதானே. வெளக்கமாத்தக் கீழ வைங்க. எல்லாத்தையும் சாத்தி ஒரு வழிய மட்டும் தெறந்து வெச்சா, வெளிச்சத்தப் பாத்து தானாப் போயிரும். எதத் தெறக்கட்டும்?"

"கதவத் தெற!"

"வாசல்ல பூன நிக்கிது."

"அப்ப ரோட்டுப் பக்கத்து ஜன்னல்."

"சரி. சாக்குக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்கே, அது?"

"அது வேணாம்!"

"ஏன்?"

"துரு புடிச்சிருக்கு."

"மர ஜன்னல்லயா?"

"ஜின் அங்கதான் இருக்கு!"

ஸஜீதா அவரை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள், லேசாகத் திறந்திருந்த ரோட்டுப் பக்கத்து ஜன்னலையும் சாத்தினாள், சாக்குகளை இழுத்துப் போட்டாள். திட்டிலிருந்த டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி அந்த ஜன்னலைத் திறந்தாள். குருவி ஒரு வட்டம் அடித்தது. வெளிச்சத்தைக் கண்டது. அப்படியே பறந்து வெளியே சாதிக்காய் மரத்தில் போய் உட்கார்ந்தது. நானாவுக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, டின் மட்டும் அவள் கையில் இல்லாதிருந்தால்.

"இதுல என்னங்க?"

வாய்க்கு வந்ததைச் சொன்னார். "சாதிக்காய்."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் சாதிச்சிருக்கீங்க."

"ஜின் வெச்சிருக்கும்..."

"ஜின்னுக்கும் சீனி வருத்தமா, ஒளிச்சி வெச்சித் திங்க?"

நானா தொப்பியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"இத்தன ஜன்னல் இருக்க, நான் எதத் தெறக்கணும்னு நீங்களே காட்டிக் குடுத்தீங்களே!" என்று சிரித்தபடி, ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "நல்ல தொதல். இனி இது என்ட அலுமாரியில இருக்கும். நீங்க அந்தப் பக்கம் போயிராதீங்க."

"ஏன்?"

"ஜின் இருக்கு. நான் ஓதிக்கிட்டுத் தெறப்பேன்."